கடைசி மூன்று நாட்கள்: தாழ்ந்த காரில் மலையேறி வீடு திரும்புவது எப்படி

வெல்லவாயச் சந்தியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலை மதிற்சுவர்போல் நிற்கும். பருத்தித்துறையில் புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று ஆறு நாட்கள் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே வந்தவர்களுக்கு அந்தச் சுவரைக் கண்டதும் இரண்டு எண்ணங்கள் வரும். வீடு கிட்டிவிட்டது என்பது ஒன்று. இருட்டுவதற்குள் ஏறிவிடலாம் என்பது மற்றது. இரண்டையும் நம்பாதீர்கள்.

என் வீடு ஹட்டனில். வண்டி 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்ற அதே கார். 1.6 லீற்றர் எஞ்சின், இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, தூங்கி எழுந்த தவளைபோல் மேலெழும்பும் முன்விளக்குகள். இந்த வழியில் மூன்று முறை வந்திருக்கிறேன். மூன்று முறையும் பக்கத்து இருக்கையில் அப்பா. முப்பது வருடம் மரக்கறி லொறியும் கொழுந்து லொறியும் ஓட்டியவர். கீழே எழுதியிருப்பதில் பாதி அவர் சொன்னது, மீதி நான் பட்டது.

வெல்லவாயவில் நில்லுங்கள்

ஆறாம் நாள் எவ்வளவு சீக்கிரம் வெல்லவாயவுக்கு வந்து சேர்ந்தாலும் அன்றைக்கு ஏறாதீர்கள். தட்டையான கடற்கரைச் சாலையில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் வேலையே இருந்திராது. அதனால் அவற்றின் நோய் வெளியே தெரியாமல் இருந்திருக்கும். வெல்லவாய ஏறத்தாழ 200 மீற்றர் உயரம், எல்ல 1,000 மீற்றருக்கு மேல். நடுவில் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. நோய் அந்த வழியில்தான் தெரியவரும். அங்கே தெரிந்து பயனில்லை.

எனக்கு இரண்டாவது பயணத்தில் தெரிந்தது. மொனராகலையைத் தாண்டியதும் அப்பா தூக்கம் கலைந்தவர்போல், "பிள்ளை, உன் இடது கால் தரை மட்டும் போகிறது, கவனித்தாயா?" என்றார். நான் கவனிக்கவில்லை. கிளச் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி வந்ததால் கால் தானாகவே பழகிக்கொண்டிருந்தது. வெல்லவாயவில் ஒரு மரநிழலில் நிறுத்தி, கியர்பெட்டிப் பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தோம். கிளச்சின் கீழ்ச் சிலிண்டரில் ரப்பர் உறையின் விளிம்பில் ஈரம். விரலில் தொட்டால் வழுவழுப்பு. இந்த வகைக் கார்களில் அடிக்கடி போகிற சாமான்தான் அது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்த கடையொன்றுக்குத் தொலைபேசி எடுத்தோம். ரப்பர் தொகுதி இரவு பஸ்ஸில் நடத்துநர் கையில் வந்து சேர்ந்தது. மறுநாள் பத்து மணிக்கு வேலை முடிந்தது. அதே ரப்பர் ராவணா எல்ல வளைவில், பின்னால் பஸ் நிற்கும்போது கிழிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.

ஆகவே அந்த அரைநாளில் செய்ய வேண்டியவை. கிளச் எண்ணெயும் பிரேக் எண்ணெயும் எந்த மட்டத்தில் இருக்கின்றன, எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். புதிய பிரேக் எண்ணெய் வெளிர்தேன் நிறம். பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், காரணம் இருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமில்லை. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். அதன்பின் பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கும், வண்டி நிற்காது.

பிரேக் கட்டைகளின் கனம் மூன்று மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால் அங்கேயே மாற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். விளையாட்டுக் கார்கள் குறைவாக ஓடுவதால் டயரில் பூ நன்றாகவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். என்னுடையவை முதல் பயணத்தில் பதினொரு வயது. பூவைப் பார்த்து ஏமாந்திருந்தேன்.

பெற்றோலைப் பற்றிக் கவலை வேண்டாம். பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா எங்கும் கிடைக்கும். 45 லீற்றர் தாங்கியில் பாதி இருந்தால் போதும்.

சாமான்களைக் குறையுங்கள். இந்தக் காரின் பின்பெட்டியில் பற்றரியும் உதிரிச் சக்கரமும் போக மிஞ்சுவது ஒரு தலையணைக்கான இடம். அப்பா முல்லைத்தீவில் வாங்கிய கருவாட்டை அதில் வைக்க இடமில்லாமல் இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தார். நாற்றத்துக்காகச் சொல்லவில்லை, அது பழகிவிடும். பிரேக் கருகும் வாசனையோ கிளச் எரியும் வாசனையோ மூக்குக்கு எட்டவில்லை என்பதுதான் பிரச்சினை. மலையில் மூக்கும் ஒரு கருவி. கருவாட்டை நன்றாகக் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஏற்றம்

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் மலையில் காலை பளிங்குபோல் இருக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை வரும். இரவில் இந்தச் சாலையில் ஓட்டவே வேண்டாம். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய சாலையில் பஸ்ஸொன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். பகலில் அந்த இடங்களைப் பார்த்தால் ஓரத்துக்கும் வெறுவெளிக்கும் நடுவில் எவ்வளவு கொஞ்ச இடம் என்று புரியும்.

குளிராக்கியை அணைத்துவிடுங்கள். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், அவ்வளவுதான். வெப்பமானி முள் நடுவைத் தாண்டினால் உள்ளே சூடாக்கியை முழுதாகத் திறந்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உங்கள் முழங்காலுக்கு வரும், முள் இறங்கும். கூரை திறந்திருந்தால் அதுவும் தாங்கக்கூடியதே.

கூரையைப் பற்றி ஒன்று. மழை இல்லாவிட்டால் ஏற்றத்தில் கூரையைத் திறந்தே வையுங்கள், பாட்டை நிறுத்திவிடுங்கள். அழகு பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. மூடிய காரில் இருப்பவருக்கு வளைவைத் திரும்பிய பின்தான் பஸ் தெரியும். திறந்த காரில் இருப்பவருக்கு இரண்டு வளைவுக்கு முன்பே ஹோர்ன் கேட்கும், லொறி கியர் மாற்றும் உறுமல் கேட்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்: "பாரம் ஏற்றிய டிப்பர். மெதுவாக வருகிறது. நீ போகலாம்." சில நேரம், "தனியார் பஸ். நில்." நின்றுவிடுவேன். கொண்டை ஊசி வளைவில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும். அது திமிர் இல்லை, அதன் நீளம் அப்படி. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவது மலை வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தை நம்பி முகப்பை நுழைக்காதீர்கள்.

வழிவிட ஒதுங்கும்போது இடப்பக்கக் கானைக் கவனியுங்கள். மலையோரம் சிமெந்துக் கான் மூடியில்லாமல் ஓடும், புல் வளர்ந்து மறைத்திருக்கும். ஜீப் என்றால் ஒரு சக்கரம் இறங்கினாலும் ஏறிவிடும். நம் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். இதைப் பற்றிப் பின்னால் வெட்கத்தோடு எழுதியிருக்கிறேன்.

ராவணா எல்ல அருவியில் நிறுத்துவதென்றால் கூரையை மூடிவிட்டு இறங்குங்கள். குரங்குகள் வாழைப்பழத்தோடு நிற்பதில்லை. என் கண்ணாடித் துடைப்பானின் ரப்பரை ஒன்று உரித்துக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து மென்றது. எல்ல நகரில் இந்தக் காரை நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பண்டாரவளையில் தங்கி ரயிலிலோ ஓட்டோவிலோ போய்வாருங்கள். பண்டாரவளையில் ஏழாம் நாளின் எஞ்சிய பொழுதைத் தூங்கியே கழிக்கலாம் என்றுகூடச் சொல்வேன். நாங்கள் ரொட்டியும் கட்டசம்பலும் தின்றுவிட்டு அதைத்தான் செய்தோம். (ரப்பருக்காக ஒரு நாள் போனதென்றால் இது எட்டாம் நாள். கணக்கை ஒட்டிப் பிடிக்காதீர்கள்.)

மரக்கறிச் சாலை

பண்டாரவளை – வெலிமடை – நுவரெலியா தூரத்தில் குறைவு, நேரத்தில் இல்லை. கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து வரும் லொறிகள் கோவா இலையும் லீக்ஸ் தாளும் சிந்திக்கொண்டு போகும். தோட்டத்திலிருந்து உழவு இயந்திரம் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் சாலையில் உதறிவிட்டுப் போகும். வெயிலில் அது வெறும் தூசி. மழையின் முதல் பத்து நிமிடத்தில் அது சவர்க்காரம்.

ஹக்கலவைத் தொடும்போது சாலைக்கு மேல் மரங்கள் குடைபிடிக்கும். வெயில் படாத வளைவுகளில் ஓரமாகப் பாசி. பின்சக்கரம் இழுக்கிற, நீளம் குறைந்த கார் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போனபின் பயந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். எடுத்தால் பாரம் முன்னுக்குச் சரியும், பின்சக்கரம் லேசாகும், வால் சுற்றிக்கொள்ளும். சீத்தாஎலியவில் அம்மன் கோயிலைத் தாண்டி எனக்கு ஒருமுறை வால் ஒரு முழம் வெளியே போய் வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. நுவரெலியா வரை ஒன்றும் பேசவில்லை.

உயரம் ஏற ஏற எஞ்சின் சோர்வதை உணர்வீர்கள். நோய் என்று பயந்துவிடாதீர்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், அதனால் டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அந்தக் கணக்கில் குறையும். ஜப்பானில் 120 குதிரைவலு என்று எழுதி விற்ற வண்டி இங்கே நூறுக்குப் பக்கத்தில் நிற்கிறது. முந்துவதற்குப் பொத்துவிலில் எடுத்த தூரம் இங்கே போதாது. டயர் காற்றைப் பற்றியும் ஒரு வேடிக்கை: கடற்கரை வெயிலிலிருந்து நுவரெலியாக் குளிருக்கு வந்தால் டயருக்குள் காற்று சுருங்கி அழுத்தம் குறையும், ஆனால் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்திருப்பதால் அளவுமானி கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட சரிக்கட்டிவிடும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை அளந்துவிட்டுச் சும்மா இருங்கள்.

நுவரெலியா இரவு துணிக்கூரைக்குச் சோதனை. பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் குளிரில் அப்பளம்போல் ஆகும். காலையில் ஆசையோடு கூரையை மடித்தால் மடிப்பில் வெடித்துவிடும். வெயில் ஏறும்வரை பொறுத்து, முதலில் ஜன்னலின் சிப்பைக் கழற்றித் தட்டையாகப் படுக்கவைத்த பின் மடியுங்கள். இன்னொன்று, கதவுக்குப் பின்னால் கூரைநீர் வடியும் துளை இரண்டு பக்கமும் உண்டு. சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் குளம்கட்டும். வயரைச் சுருட்டிக் குத்தாதீர்கள், உள்ளே ரப்பர்க் குழாய் கிழியும். நைலோன் கயிற்றின் மழுங்கிய முனையை மெல்ல விடுங்கள். எனக்கு மூன்றாம் பயணத்தில் ஒரு கைப்பிடி தெற்குக் கடற்கரை மணலும் யூக்கலிப்டஸ் இலையும் வந்தன. தெற்குக்குப் போனது அதற்கு முந்திய வருடம்.

1934 முதல் மலையேற்றக் காரோட்டம் நடந்துவரும் மகாகஸ்தோட்ட இந்த ஊரில்தான் இருக்கிறது. போய்ப் பாருங்கள், படம் எடுங்கள். ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இறக்கம்

கடைசி நாள். நுவரெலியாவிலிருந்து நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை வழியாக ஹட்டன். ஐம்பது கிலோமீற்றருக்குள்தான். எல்லோரும் வண்டியை உடைத்துக்கொள்வது இங்கேதான். வீட்டுக் குசினிப் புகை வாசனை மூக்குக்கு வந்துவிடுகிறது, கால் அழுத்துகிறது.

கிளம்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்துபோன பிறகு இதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நேற்று இருந்த சாலை இன்று இருக்கும் என்பது மலையில் உறுதியில்லை. அவசரமென்றால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவம் 117. சில பள்ளத்தாக்குகளில் தொலைபேசிக்கு அலை கிடைக்காது. அதனால் எந்த நேரத்துக்கு எங்கே இருப்போம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

வழிகாட்டிச் செயலி நானுஓயாவில் ராதல்ல குறுக்குப் பாதையைக் காட்டும். சில நிமிடம் மிச்சம் என்று சொல்லும். வேண்டாம். செங்குத்தான இறக்கம் அது. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸொன்று வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். பெரிய சாலையிலேயே போங்கள்.

இறக்கத்துக்கு அப்பாவிடம் ஒரே பாடம்: ஏறின கியரிலேயே இறங்கு. இந்த இறக்கத்தை எதிர்ப்பக்கமாக ஏறியிருந்தால் எந்தக் கியர் போட்டிருப்பீர்களோ, அதையே போடுங்கள், இறங்கத் தொடங்குமுன் போடுங்கள். எஞ்சின் உறுமும். உறுமட்டும். வேகம் கூடினால் பிரேக்கை உறுதியாக ஒருமுறை மிதித்துக் குறைத்து முழுதாக விட்டுவிடுங்கள். காலை மெல்ல வைத்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். தேய்த்துக்கொண்டே இருந்தால் சூடு ஆற நேரமில்லை. நடுநிலைக்குத் தள்ளி உருண்டு வந்து பெற்றோல் மிச்சம்பிடிக்கிறவர்களோடு பயணம் போகாதீர்கள்.

கருகிய வாசனை வந்தாலோ மிதி மெத்தென்றாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடைக்கட்டை கொடுங்கள். அருகே பீலித் தண்ணீர் கொட்டும், அதைச் சக்கரத்தில் ஊற்றத் தோன்றும். சூடான இரும்பு கோணிவிடும். அந்தத் தண்ணீரில் முகம் கழுவுங்கள், அரைமணி நேரம் உட்காருங்கள், காலில் அட்டை ஏறுகிறதா என்று பாருங்கள். நிறுத்த இடமில்லாமல் மிதி முழுதாகப் போய்விட்டால் வேகமாகப் பலமுறை மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மலைப்பக்கம் உரசவிடுங்கள். வண்டி போகட்டும்.

பனிமூட்டம் இறங்கினால் விளக்கின் ஒளியைத் தாழ்த்துங்கள். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தலவாக்கலையைப் பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு முன்போ, நன்றாகத் தள்ளிப் பின்போ கடந்துவிடுங்கள்.

இனி கான் கதை. முதல் பயணம், கொட்டகலையைத் தாண்டியாகிவிட்டது, வீட்டுக்கு மூன்று கிலோமீற்றர். எதிரே கொழுந்து லொறி. ஒன்பது நாள் ஓட்டிய தைரியத்தில் வேகத்தைக் குறைக்காமலே இடப்பக்கம் ஒதுங்கினேன். முன்சக்கரம் புல்லுக்குள் இறங்கியது, 'டொக்' என்றொரு சத்தம், கார் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். ஆறு பேர். வண்டியின் எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால் ஒரு மூலையைத் தூக்க ஆறு பேர் போதும் என்று அன்று அறிந்தேன். "இவ்வளவு சின்ன வண்டிக்கா இவ்வளவு பெரிய சத்தம்?" என்று கேட்ட ஆயாவுக்கு என்னிடம் பதில் இல்லை. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் நெளிவு, ஒழுக்கு இல்லை. அன்றிலிருந்து கொட்டகலையில் ஒரு தேநீர்க்கடையில் பத்து நிமிடம் நிறுத்துகிறேன். பசியில்லாவிட்டாலும் வடை ஒன்று சாப்பிடுகிறேன். மீதி வழிக்கு அது புதுப் பயணம் என்று காலுக்குச் சொல்லிவைக்க.

வீடு தோட்டத்துக்குள் என்றால் இந்தக் காரைத் தோட்டப் பாதையில் ஏற்றாதீர்கள். நகரில் தெரிந்தவர் கடையோரம் நிறுத்திவிட்டு ஓட்டோவில் போங்கள். ஒரு கிலோமீற்றர் முன்பிருந்தே மெதுவாக உருட்டி வந்தால் பிரேக் ஆறியிருக்கும். இங்கேயும் ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரும் கட்டையும் போதும். எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

மறுநாள் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிழக்குக் கரை உப்பு மலை ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். பிறகு கம்பளத்தைத் தூக்கிக் காயவிடுங்கள். அப்பா பின்சக்கரக் கட்டையை எடுக்க விடமாட்டார். அவருடைய பழைய லொறிக் கட்டை அது, நம் சக்கரத்தில் பாதி உயரம் வரும். கழுவும்போது அதைச் சுற்றித்தான் கழுவ வேண்டும்.